தூரம் தரும் நியாயம்

1

மலையைக் கண்டதும் மனிதனைச் சுருக்கிவிடுவது நம் எழுத்தில் ஒரு பழக்கமாகிவிட்டிருக்கிறது. கவிஞன் ஒரு பாறையின் முன் நிற்கிறான். பாறையின் வயது கோடிகளில். அவன் வயது நாற்பதோ ஐம்பதோ. உடனே அவனுக்குள் ஓர் அமைதி இறங்குகிறது. ஊரில் நடக்கும் சண்டை, சாவு, கடன், அநீதி எல்லாம் அந்தக் கோடிகளின் முன் தூசி என்று தோன்றிவிடுகிறது. கவிதை முடிகிறது. வாசகனும் சற்று அமைதியடைந்து பக்கத்தைப் புரட்டுகிறான். இந்த அமைதி எங்கிருந்து வந்தது, இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

சின்னமனூரிலிருந்து எழுதுகிறவனுக்கு இந்தச் சபலம் தினசரி உண்டு. மேற்கே கேரள எல்லையின் மலைகள். எதிர்ப்புறம் மேகமலைத் தொடர். நடுவே முல்லையாறும் நெல்லும் வாழையும். 1895-ல் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்குக் கடலுக்குப் போகவேண்டிய நீர் கிழக்கே திரும்பியது. இந்தப் பள்ளத்தாக்கின் இன்றைய பசுமைக்கு அது பெரிய காரணம். இருபுறமும் அசையாத மலை, நடுவே ஓடும் நீர், ஓரத்தில் ஒரு மனிதன்: தத்துவம் பேச இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வசதியாகக் கிடைக்கும் தத்துவத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் எழுப்ப விரும்பும் கேள்வி இது. காலத்தின் பேரளவு, ஒழுக்கம் பற்றிய கேள்விகளைக் கரைத்துவிடுகிறதா? லட்சம் ஆண்டுகள் தள்ளி நின்று பார்த்தால் ஓர் அழிவு அழிவாக இல்லாமல் போய்விடுமா? அல்லது, தள்ளி நிற்பவனுக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா?

இதைப் பரிசோதிக்கக் கம்பம் பள்ளத்தாக்கின் மலைகள் உதவா. இவை ஒரேயடியாக மௌனமானவை. ஆனால் இதே மலைத்தொடரின் வடகோடியில், மகாராஷ்டிரத்தில், இந்தக் கேள்விக்குத் தக்க சாட்சி ஒன்று இருக்கிறது. பூமியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய எரிமலைப் பெருக்குகளில் ஒன்று அங்கே நடந்தது. தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பாதி அதனால் ஆனது.

2

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். சின்னமனூரைச் சுற்றியுள்ள மலைகள் எரிமலை கக்கியவை அல்ல. நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள் இவை. பல கிலோமீட்டர் ஆழத்தில் அமுங்கி, வெந்து, உருமாறி, மேலிருந்த பாரம் யுகக்கணக்கில் அரித்துப் போனபின் வெளியே வந்தவை. கடைசியாக இவை பெருவெப்பத்தில் வெந்தது, கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். சார்னோகைட் என்ற பெயருக்குக் காரணம் ஒரு கல்லறை. கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலக் கம்பெனி அதிகாரியின் சமாதிக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துப் பாறை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அந்தப் பாறை வகைக்கே செத்தவரின் பெயரை வைத்தார். பாறைக்கு மனிதன் பெயர் வைப்பதற்கும் ஒரு மனிதன் சாக வேண்டியிருந்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கோவாவைத் தாண்டி வடக்கே போனால் மலை வேறொன்றாகிவிடுகிறது. மகாபலேஷ்வரில் சரிவுகள் படிக்கட்டுகளாக இறங்குகின்றன. ஒவ்வொரு படியும் ஒரு லாவா ஓட்டம், அல்லது சில ஓட்டங்களின் அடுக்கு. படி என்ற பொருளுள்ள ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்த 'ட்ராப்' என்ற பெயர்தான் தக்காண ட்ராப் என்று நிலைத்துவிட்டது. இன்று இந்தப் பாறை மூடியிருக்கும் பரப்பு ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்கு ஓரத்தில் மொத்தக் கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆதியில் வெளிவந்த குழம்பு சுமார் 10 லட்சம் கன கிலோமீட்டர் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. அவ்வளவையும் இன்றைய தமிழ்நாட்டின் மேல் மட்டும் ஊற்றி நிறுத்தினால், ஆனைமுடியின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் நிற்கும்.

எரிமலை என்றதும் நமக்குக் கூம்பு வடிவ மலையும் உச்சியில் புகையும் ஞாபகத்துக்கு வருகின்றன. இங்கே விஷயம் வேறு. பூமியின் உட்புறத்தில், மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்தின் ஆழத்திலிருந்து, மிகச் சூடான பாறை மெல்ல மேலெழுந்தது. அது திரவம் அல்ல. திடமாகவே இருந்து, யுகக்கணக்கில் நகரும் பாறை. மேலே வரவர அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை உருகத் தேவையான வெப்பமும் குறைகிறது. புதிதாகச் சூடேறாமலே, பாரம் குறைந்த ஒரே காரணத்தால், அதில் ஒரு பங்கு உருகிற்று. இந்தியா அப்போது ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இன்று ரீயூனியன் தீவின் எரிமலைக்கு அடியில் இருக்கும் வெப்ப ஊற்றின் மீது அன்று இந்தியா கடந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நடந்த காலம் இன்றைக்குச் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். குழம்பின் பெரும்பகுதி வந்து முடிய எடுத்துக்கொண்ட காலம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு.

உருகிய குழம்பு நீண்ட பிளவுகளின் வழியே வந்தது. பசால்ட் என்ற இந்தப் பாறைக் குழம்பில் சிலிகா குறைவு. ஆகவே அது இளகலானது, தேங்கிக் கூம்பாகாமல் பரவக்கூடியது. பரவிய விதமும் நாம் கற்பனை செய்வதுபோலக் காட்டாற்று வெள்ளம் அல்ல. குழம்பின் மேற்புறம் காற்றுப் பட்டதும், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, ஒரு தோல் படிகிறது. அந்தத் தோல் உள்ளே வெப்பத்தைக் காக்கிறது. அதன் அடியில் புதுக் குழம்பு வந்துகொண்டே இருக்க, மேல்தோல் மெல்ல உயர்த்தப்படுகிறது. ஓரத்தில் தோல் கிழிந்து ஒரு நாக்கு நீள்கிறது. அதன்மேலும் தோல் படிகிறது. இப்படி மூடிக்கொண்டே நகர்ந்ததால்தான் சில ஓட்டங்கள் ஆறாமல் அத்தனை தூரம் போக முடிந்தது. ஆந்திரத்தில் ராஜமுந்திரி அருகே, கோதாவரிக் கரையில், தக்காண லாவாவின் தனித்த திட்டுகள் இருக்கின்றன. அவை மேற்கிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் பாய்ந்து வந்தவை என்று கருதுகிறார்கள். தமிழ் நிலத்துக்கு அந்த நெருப்பு வரவில்லை. அன்று அரியலூர்ப் பகுதி கடல். அதன் சிப்பிகளும் நத்தைகளும் படிந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கின்றன.

3

தூரத்திலிருந்து பார்த்தால் இந்தப் பீடபூமி ஒரே சம்பவம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வாக்கியம்: எரிமலைக் குழம்பு பரவி உறைந்து தக்காணப் பீடபூமி உண்டாயிற்று. இலக்கணப்படி ஒரு வினைமுற்று போதுமாயிருக்கிறது.

அருகே போனால் அந்த வாக்கியம் உடைந்துபோகிறது. மலைப்பாதைக்காக வெட்டிய சரிவுகளில் கறுப்புப் பாறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு தெரியும். சில இடங்களில் ஓரங்குலம், சில இடங்களில் ஓராள் உயரம். அது களிமண். ஒரு லாவா ஓட்டம் ஆறிக் கல்லாகி, அதன் மேல்தோல் மழையில் மக்கி, சாம்பலும் தூசியும் படிந்து மண்ணாகிக்கொண்டிருக்கையில், அடுத்த ஓட்டம் வந்து அந்த மண்ணைச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஓர் ஓட்டம் சில ஆண்டுகளோ சில பத்தாண்டுகளோ நீடித்திருக்கலாம். நடுவில் உள்ள சிவப்புக் கோடு நூற்றாண்டுகளாக இருக்கலாம், ஆயிரமாண்டுகளாகவும் இருக்கலாம். கனம் முழுவதும் கறுப்புக்கு. காலத்தில் பெரும்பங்கு சிவப்புக்கு.

அந்த இடைவேளைகளில் உயிர் இருந்தது. பம்பாயின் வர்லிக் குன்றில் லாவா அடுக்குகளுக்கு இடையே அகப்பட்ட தவளைகளின் எலும்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரிக்கப்பட்டுவிட்டன. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் லாவா அடுக்குகளிடையே ஏரிகள் இருந்திருக்கின்றன. அவற்றின் செடிகள் சிலிகா ஊறிக் கல்லாகி, தண்டின் குறுக்குவெட்டில் திசுக்கள் தெரியும்படி மிஞ்சியிருக்கின்றன. 1949-ல் மறைந்த பீர்பால் சாஹ்னி தம் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது இந்தக் கற்களிடம்தான். 1943-ல் அவரும் ஹெச்.எஸ். ராவும் அங்கிருந்து ஒரு நீர்ப் பூண்டை விவரித்தார்கள். அசோலா இனத்தைச் சேர்ந்தது அது. வயலில் தழைச்சத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் இன்று நம் விவசாயிகள் வளர்க்கிற அசோலாவின் பழைய உறவு. இரண்டு நெருப்புகளுக்கு நடுவே, ஒரு குட்டையின்மேல், பச்சையாக மிதந்துகொண்டு.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் குட்டைக்கு அது தக்காணப் பீடபூமியின் உருவாக்கத்தில் ஓர் இடைக்கட்டம் என்பது இல்லை. அதற்கு அது குட்டை. தவளைகளின் தலைமுறைகள் நூற்றுக்கணக்கில் பிறந்து, முட்டையிட்டு, செத்து, லாவாவைக் கண்ணால் காணாமலே முடிந்திருக்கும். அவற்றின் பூமி எப்போதும் இப்படித்தான், எப்போதும் ஈரமானது. ஓர் அடுக்கு மட்டும் சாட்சியாக அடியில் கிடக்க, அடுத்த அடுக்கு எங்கோ ஆழத்தில் உருகிக்கொண்டிருந்தது. பேரழிவு என்பது ஒரு நாள் அல்ல. அது நீண்ட சாதாரண நாட்களால் பிரிக்கப்பட்ட ஓர் அடுக்குமுறை. சாதாரண நாட்களில் வாழ்கிறவனுக்கு அது தெரிவதில்லை. அடுக்கு முழுவதையும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சாதாரண நாட்கள் தெரிவதில்லை. இரண்டு குருடுகளில் எது மேல் என்று கேட்டால், முதலாவதற்கு மன்னிப்பு உண்டு.

4

தூரத்துப் பார்வை அறிவைத் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. பூகர்ப்ப சாஸ்திரி தள்ளி நிற்காமல் இந்தப் பீடபூமியைப் புரிந்துகொண்டிருக்க முடியாது. அவன் விளக்குகிறான், விளக்குவதற்குத் தூரம் வேண்டும். என் சண்டை வேறு ஆளோடு. விளக்கத்தை நியாயமாக மாற்றிவிடுகிறவனோடு.

அவன் வாதம் இப்படிப் போகும். அந்த நெருப்பு இல்லாவிட்டால் மராட்டியத்தின் கறுப்பு மண் ஏது, பருத்தி ஏது? எல்லோராவில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்த கைலாசநாதர் கோயில் ஏது? அஜந்தா ஏது? பெரும் பல்லிகள் அழிந்திராவிட்டால், வளைக்குள் பதுங்கியிருந்த சிறு பாலூட்டிகள் பெருகி, கடைசியில் இந்தக் கட்டுரையை எழுதவும் படிக்கவும் ஆட்கள் ஏது? ஆகவே அழிவு என்று நாம் அழைப்பது சிருஷ்டியின் மறுபெயர்.

இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? முன்னால் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நாம் வந்தது அந்த வழியாக. ஆனால் ஒரு வழியாக வந்தோம் என்பதால் அந்த வழி நல்லதாகிவிடாது. இங்கே கணக்குப் பார்ப்பவன் லாபம் பெற்றவன். செலவைக் கொடுத்தவர்கள் கணக்கில் கையெழுத்துப் போடவில்லை. பஞ்சத்தில் ஊர் காலியானதால் மலிவாக நிலம் வாங்கியவனின் பேரன், பஞ்சம் ஒரு வகையில் நன்மையே என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? நிலத்தை அவன் திருப்பித் தர வேண்டும் என்றுகூட நாம் கேட்க மாட்டோம். வாயை மூடிக்கொண்டு உழு என்போம்.

இன்னொன்று. இத்தகைய வம்சாவளிகள் பல சமயம் பொய்யானவை. கரிசல் என்றாலே எரிமலையின் கொடை என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலுக்கும் லாவாவுக்கும் சம்பந்தமில்லை. அடியில் கிடக்கும் நைஸ் போன்ற பழம்பாறைகள், மழை குறைந்த வெயிலில், சுண்ணாம்பு சேர்ந்து சிதைந்து உண்டான கருமை அது. நெருப்பிலிருந்து பிறந்த மண் என்ற படிமத்தின் கவர்ச்சி, மண்ணைக் குனிந்து பார்க்கவிடாமல் செய்துவிட்டது. உண்மையிலேயே லாவாவிலிருந்து பிறந்த விதர்பாவின் கறுப்பு மண்ணிலோ, 1990-களின் பிற்பகுதி தொடங்கிப் பருத்தி விவசாயிகள் கடனில் சிக்கித் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். மண்ணை லாவா கொடுத்திருக்கலாம். விலையையும் வட்டியையும் நீரையும் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தது லாவா அல்ல.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. நெருப்புக் குழம்பின்மேல் குற்றம் சாட்டுவது. குழம்புக்கு மனம் இல்லை. அது யாரையும் கொல்ல நினைக்கவில்லை. காப்பாற்றத் தவறவும் இல்லை. தீங்கு நடந்திருக்கிறது, தீமை நடக்கவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒழுக்கம் பற்றிய பேச்சு புலம்பலாகிவிடும். பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்காகச் செய்தவன் ஒருவனை உண்டாக்க வேண்டியதில்லை.

ஆனால் நமக்குச் செய்தவன் வேண்டியிருக்கிறது. டைனோசர்களின் அழிவு பற்றிய நீண்ட விவாதத்திலும் இந்தத் தேவை இருந்ததாகத் தோன்றுகிறது. 1980-ல் அல்வாரெஸ் தந்தையும் மகனும் சகாக்களோடு, விண்கல் மோதியதே காரணம் என்றார்கள். மெக்ஸிகோவின் சிக்ஸுலூப் பள்ளம்தான் மோதிய இடம் என்று 1991-ல் தெரிந்தது. ஒரே நாள், ஒரே அடி, ஒரே குற்றவாளி. உலகம் அதை உடனே விரும்பியது. தக்காண லாவாவும் அதன் கந்தக வாயுக்களும் பங்கு பெற்றன என்றவர்கள் வெகுகாலம் மறுதரப்பாகவே இருந்தார்கள். 2019-ல் 'சயன்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தக்காண அடுக்குகளின் வயதைக் கணித்து எழுதின. ஒரு குழு, மோதலுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே ஒரு பெரிய லாவாப் பெருக்கு தொடங்கியதாகக் கண்டது. மற்றது, லாவாவின் பெரும்பங்கு மோதலுக்குப் பின்னரே வந்தது என்றது. இன்று பலரும் விண்கல்லையே முதன்மைக் காரணமாக வைத்தாலும், லாவாவின் பங்கு பற்றிய வழக்கு மூடப்படவில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. ஒரே நாளில் வரும் அழிவை நம்மால் கதையாகச் சொல்ல முடிகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில், விட்டு விட்டு, வரும் அழிவுக்குக் கதாசிரியன் கிடைப்பதில்லை.

5

உள்ளேயிருந்து எழுதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1783 ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தில் லாக்கி என்ற இடத்தில் நிலம் பிளந்தது. தக்காணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு துளி. பிளவு 27 கிலோமீட்டர். எட்டு மாதத்தில் வந்த குழம்பு சுமார் 15 கன கிலோமீட்டர். ஆனால் வகை அதே வகை: மலை இல்லாத எரிமலை, பிளவிலிருந்து பரவும் பசால்ட். வாயுவோடு வந்த ஃப்ளோரின் புல்லில் படிந்தது. ஆடுமாடுகளின் எலும்புகள் வீங்கின, பற்கள் கெட்டன. செம்மறியாடுகளில் பெரும்பாலானவை செத்தன. பிறகு பஞ்சம். நாட்டில் ஐந்தில் ஒருவர் இறந்தார். கந்தகப் பனி ஐரோப்பா முழுவதும் மூடிற்று.

யோன் ஸ்டேய்ங்க்ரிம்சன் என்ற கிராமப் பாதிரியார் இதையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைத்தார். குழம்பு ஊரை நெருங்கிய ஜூலை 20 அன்று அவர் கோயிலில் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, அது ஊரை எட்டாமல் நின்றது. அதனால் அவர் ஐஸ்லாந்தில் பிரபலம். எனக்கு அவருடைய இன்னொரு செயல் பெரிதாகத் தெரிகிறது. நிவாரணப் பணம் இருந்த முத்திரையிட்ட பெட்டியை அவரிடம் கொடுத்து, அதிகாரியிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். வழியில் பசித்தவர்களைக் கண்டு முத்திரையை உடைத்துப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பின்னால் அதற்காக அபராதமும் மன்னிப்பும் கேட்டார்கள் அவரிடம். அந்த நெருப்பு கடவுளின் தண்டனை என்று நம்பியவர் அவர். காரணம் பற்றிய அவர் நம்பிக்கை நமக்கு ஒப்புதலாக இல்லாமலிருக்கலாம். காரணம் என்னவாக இருந்தாலும், பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஒழுக்கம் தொடங்குகிற இடம் அதுதான்: நெருப்பு எதற்காக வந்தது என்பதில் அல்ல, பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதில்.

நம் பீடபூமிக்கே வருவோம். 1993 செப்டம்பர் 30, விடியுமுன், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் பூமி அதிர்ந்தது. விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து ஊர் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதிர்வின் அளவு உலகக் கணக்கில் பிரமாதமானதல்ல. கொன்றவை சுவர்கள்: பொறுக்கியெடுத்த பசால்ட் கற்களை மண் சாந்தில் அடுக்கி எழுப்பிய கனத்த சுவர்கள். அந்தப் பகுதி அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பழமையான, அசையாத, திடமான நிலம். தூரத்திலிருந்து பார்த்தால் அது இப்போதும் அசையாத நிலம்தான். கோடி ஆண்டுகளில் ஒரு நடுக்கம். ஆனால் வீடு கட்டுகிறவன் கோடி ஆண்டுகளில் கட்டுவதில்லை.

6

இன்று இந்தக் கேள்வி பழைய பாறைகளைப் பற்றியது மட்டுமில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் ஆண்டுதோறும் காற்றில் விடும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து இப்போது விடுவது அதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. லாவாவின் வேலையை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். லாவாவுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: செய்வது என்னவென்று தெரியும். தீங்குக்கும் தீமைக்கும் நடுவே முன்பு நான் போட்ட கோடு இங்கேதான் தாண்டப்படுகிறது.

இந்த இடத்தில் அந்தத் தூரத்து மனிதன் மறுபடி வருகிறான். பூமி இதைவிடப் பெரியவற்றைப் பார்த்திருக்கிறது, மீண்டுவிடும் என்கிறான். பூமி மீளும், அதில் எனக்கும் சந்தேகமில்லை. தக்காண நெருப்புக்குப் பிறகும் மீண்டது. ஆனால் பூமியின் சார்பில் பேச இவனுக்கு யார் வக்காலத்துக் கொடுத்தது? பூமி என்று அவன் சொல்லும்போது, அந்தச் சொல்லில் குட்டை இல்லை, தவளை இல்லை, கில்லாரியின் தூக்கம் இல்லை. கறுப்பு அடுக்குகளை மட்டும் எண்ணிச் சிவப்புக் கோடுகளை விட்டுவிட்ட கணக்கு அது.

நம் மலைகளே இந்த விவாதத்துக்குள் இழுக்கப்பட்டதுண்டு. சின்னமனூரிலிருந்து அதிக தூரமில்லாத பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மற்றக் கதிர்களையெல்லாம் தடுக்க ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். ஒரே பிண்டமான கெட்டிச் சார்னோகைட் அதற்கு ஏற்றது. ஊர்க்காரர்களும் பலரும் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. நான் கவனிப்பது, ஒரே மலையைக் குறித்து இரண்டு காலங்கள் பேசியதை. ஒன்று கோடிகளில் அளக்கும் பாறையின் காலம். மற்றது மேய்ச்சலுக்கும் ஊற்றுக்கும் பிள்ளைகளுக்குமான காலம். முதல் காலத்தில் பேசுபவன் இரண்டாவது காலத்தில் வாழ்கிறவனிடம் விளங்கச் சொல்லக் கடமைப்பட்டவன். அளவு பெரியது என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடாது.

நீண்ட காலத்தை வேறு விதமாகவும் உபயோகிக்க முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சின்னமனூர்ச் செப்பேடுகளில் பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பாண்டியன் வெளியிட்டது. பாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டிய முன்னோரின் செயல்களாகச் சொல்வதால் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் அதை அறிவார்கள். இத்தகைய தான சாசனங்களின் வழக்கம், சந்திர சூரியர் உள்ளவரை இது செல்லும் என்று உறுதி சொல்வது. அந்தத் தானங்கள் யாருக்குப் போயின, உழுதவனுக்கு என்ன மிஞ்சிற்று என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ராஜசிம்மனோ கொஞ்ச காலத்தில் பராந்தக சோழனிடம் தோற்று இலங்கைக்கு ஓடினான். சந்திர சூரியர் இருக்கிறார்கள்; அவன் ராஜ்யம் இல்லை. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வாக்குக் கொடுக்கிறவனுக்குத் தான் சாவோம் என்று தெரியும். தெரிந்தேதான் தன்னைவிட நீண்ட ஒரு காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறான். கவிஞனும் அதே நீண்ட காலத்தைத்தான் பாறையின் முன் நின்று அழைக்கிறான். ஒருவன் தன்னைக் கட்டிக்கொள்ள அழைக்கிறான். மற்றவன் தன்னை அவிழ்த்துக்கொள்ள. மலை இருவருக்கும் ஒரே மலை. இனி நம் பக்கங்களில் கோடி ஆண்டுகள் என்று யாராவது எழுதினால், எதிலிருந்து கழற்றிக்கொள்வதற்காக இதை எழுதுகிறாய் என்று அவனைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.